பாய் பார்த்த சக்கரம்

என் கையெழுத்து நன்றாக இருக்காது. அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்தது சம்பளம் வாங்குகிற இடத்தில் கையெழுத்துப் போடுவதற்கும், பட்டாசுப் பெட்டியின் மேல் ஊர்ப் பெயர் எழுதுவதற்கும்தான். பெட்டி மேல் எழுதி எழுதி என் எழுத்தெல்லாம் லோடுமேன் தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி பெரிசு பெரிசாக விழும். பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசச் சொன்னால் இதைவிட மோசம். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதுவதே தேவலை.

தீபாவளிக்கு முன்னால் எங்கள் ஊர் மைதானத்து வாசலில் ஒரு ஃபைபர் விமானம் வைத்தார்கள். திறப்பு விழாவில் பேசினவர், வெள்ளைக்காரன் காலத்தில் இதே மைதானத்தில் விமானம் வந்து இறங்கியதை மதுரைப் பேராசிரியர் ஒருவர் பழைய பத்திரிகையில் கண்டுபிடித்திருக்கிறார் என்று சொன்னார். கை தட்டினார்கள். பிறகு, "இது தெரியாமலே நம்ம ஊர்ல சில பேர் நேர்ல பார்த்ததாகக் கதை கட்டி, கடைசியில அவங்களே பொய்னு ஒத்துக்கிட்ட கூத்தும் நடந்திருக்கு" என்றார். அதற்கு இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

அந்தச் சில பேர் என்பது ஒரே ஒரு ஆள். கதை கட்டத் தெரியாத ஆள்.

மைதானத்தின் தெற்கு மூலையில் தகரக் கூரை போட்ட சைக்கிள் கடை வைத்திருந்தார். வாடகை சைக்கிள், பங்சர், காற்று. நான் பழகின காலத்திலேயே எழுபதைத் தொட்டிருப்பார். கட்டம் போட்ட கைலி, மூக்கு நுனியில் நிற்கிற கண்ணாடி, எத்தனை தேய்த்தாலும் போகாத கிரீஸ் படிந்த நகங்கள். ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டது. பெயர் எனக்குத் தெரியும். போட மாட்டேன். உயிரோடு இருந்து இதைப் படித்தால், "நான் இப்படித்தான்னு நீ எப்படிடா சொல்ற?" என்று கேட்பார்.

தன் கண்ணால் பார்த்ததைத் தவிர வேறு ஒன்றையும் சொல்ல மாட்டார். அவருடைய குணம் என்றால் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதன் கிளைகள்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வருவார்.

"பாய், பங்சரு."

"தெரியாது."

"டயரு தரையோட கெடக்கு, தெரியாதுங்கீக?"

"காத்து இல்லை. அது தெரியுது. பங்சரா, வால்டியூப் போச்சா, எவனும் புடுங்கி விட்டானான்னு தண்ணியில முக்கினாத்தான் தெரியும்."

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"முக்கினப்புறம் கேளுங்க."

அவசரக்காரர்கள் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்கள். அந்தக் கடைக்காரர் எதைக் கேட்டாலும் "இந்தா ஆச்சு" என்பார். அவருக்குத்தான் வியாபாரம் நன்றாக நடந்தது.

எனக்குப் பெண் பார்த்தபோது சாத்தூரிலிருந்து விசாரிக்க வந்தவர்கள், பையன் தினமும் மைதானத்தில் ஓடுகிறவன் என்று கேள்விப்பட்டு நேரே பாயிடம் போனார்கள்.

"பையன் எப்படிங்க?"

"காலையில ஓடுவான்."

"எதுக்கு ஓடுறாரு? போலீஸ்ல சேரப் போறாரா?"

"படிப்பு இல்லை, சேர முடியாது. எதுக்கு ஓடுறான்னு தெரியலை."

"குடி, சீட்டு அப்படி ஏதாச்சும்?"

"ஓடுறப்ப இல்லை."

"மத்த நேரம்?"

"மத்த நேரம் நான் பாக்கலையே."

வந்தவர்கள் எங்கள் வீட்டுக்கு வராமலே சாத்தூர் பஸ் ஏறிவிட்டார்கள். என் அம்மா கடைக்கே போய்ச் சண்டை போட்டாள். "நல்ல பையன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாயி வெந்தா போயிரும்?"

பாய் எழுந்து நின்று, தப்புச் செய்த மாதிரிக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, "எனக்கும் நல்லவனாத்தான்மா தோணுது. ஆனா தோணுறதைச் சொல்லி அடுத்தவுக பொண்ணை வாங்கலாமா?" என்றார். அம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு அதற்கப்புறம் வெகுநாள் கல்யாணம் இல்லை.

இப்படிப்பட்டவர்தான் விமானத்தைப் பார்த்தவர்.

அவர் சொல்வது இதுதான். அவர் சின்னப் பையனாக இருந்தபோது, வத்தல் மூட்டை ஏற்றி வந்த வண்டியில் அவருடைய அத்தா (அப்பாவை அப்படித்தான் சொல்வார்) அவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கருவேல முள்ளை வெட்டி, கல் பொறுக்கி, பொட்டலாக்கிய இந்த இடத்தில் ஊரே நின்றது. மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு அத்தாவும் கூட்டத்தோடு போனார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மேலிருந்து வருகிறவனுக்குத் தெரிவதற்காக வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம். அந்த மாதிரிச் சத்தத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை. எல்லாரும் முன்னால் ஓடினார்கள். இவர் பின்னால் ஓடி வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார்.

அதனால் இவர் பார்த்தது சக்கரம் மட்டும்தான். ரெண்டு சக்கரம், சைக்கிள் சக்கரம் மாதிரிக் கம்பி வைத்தது, உருண்டு வந்து வண்டிக்குக் கொஞ்ச தூரத்தில் நின்றது. பிறகு ஒரு ஜோடி பூட்ஸ் கால் இறங்கியது. அவ்வளவுதான்.

"றெக்கை எத்தனை பாய்?"

"பாக்கலை. அத்தா ரெண்டடுக்குன்னு சொன்னாக."

"வெள்ளைக்காரன் எப்படி இருந்தான்?"

"முட்டிக்குக் கீழ நல்லா இருந்தான்."

"மறுபடி வந்துச்சா?"

"வந்துச்சாம். பணக்காரவுகளை ஏத்திக்கிட்டு ஒரு சுத்து சுத்தி எறக்கி விட்டானாம். நான் வரலை, எனக்குத் தெரியாது."

முள் வெட்டியதும் கல் பொறுக்கியதும் அந்த விமானத்துக்காகத்தான். விமானக்காரர்கள் வருவது நின்ற பிறகு அந்தப் பொட்டலில் பந்து விளையாடினார்கள், வட்டம் போட்டு ஓடினார்கள். மைதானம் இப்படித்தான் மைதானமானது. செருப்பில்லாமல் ஓடிய எங்கள் கால்களில் கல் குத்தாததற்கு வெள்ளைக்காரனின் டயரில் கல் குத்திவிடுமோ என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பயந்ததுதான் காரணம்.

பட்டாசுக் கம்பெனி அண்ணாச்சி ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, புதிதாகப் போடுகிற ராக்கெட்டுக்கு விமானப் படம் வைத்து லேபிள் அடிக்க ஆசைப்பட்டார். படம் போடுகிறவரைக் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்தார்.

"பாய், கண்ணை மூடிக்கிட்டு நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. நம்ம ஊரு விமானம், அப்படியே வரணும்."

பாய் தரையில் சாக்கட்டியால் ரெண்டு சக்கரமும் ரெண்டு பூட்ஸும் வரைந்து காட்டினார்.

"மேல?"

"மேல வண்டியோட அடிப்பலகை."

படம் போடுகிறவர் சிவகாசி திரும்பி, கையில் கிடைத்த ஏதோ காலண்டரைப் பார்த்து, வரிசையாக ஜன்னல் வைத்த பெரிய ஜெட் விமானத்தைப் போட்டு, கீழே மைதானத்தில் நின்று கையாட்டுகிற சேலை கட்டிய பெண்ணையும் போட்டுவிட்டார். ராக்கெட் நன்றாக விற்றது. தீபாவளிக்கு அண்ணாச்சி பாய் கடைக்கு ஒரு பெட்டி கொடுத்துவிட்டார். பாய் லேபிளைக் கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திருப்பி அனுப்பினார். "இதுக்குச் சக்கரத்தைக் காணோம். உள்ள மடிச்சிருக்கும் போல. நான் பாத்தது மடக்காதது. இது வேற எங்கயோ எறங்கினது."

மைதானத்தில் ஓட்டப் பந்தயத்தை ஆரம்பித்து வைப்பதும் அவர்தான். மற்ற ஊர்களில் துப்பாக்கி வெடிப்பார்கள். துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். வெடிக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம்? கோட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை வெடியை வைத்து ஊதுபத்தியால் திரியைக் கொளுத்துவார். வெடித்ததும் ஓட வேண்டும். கொளுத்துவதற்கு முன்னால் தன் வழக்கப்படி அறிவிப்பார்: "திரி ஈரமா இருக்கு. எப்ப வெடிக்கும்னு தெரியாது. வெடிக்குமான்னும் தெரியாது." நாங்கள் எல்லோரும் குனிந்து கண்ணை எடுக்காமல் திரியையே பார்ப்போம். நெருப்பு உள்ளே நுழைகிற இடத்தைப் பார்த்து, சத்தத்துக்கு ஒரு இமை முன்னால் பாய்கிறவன்தான் எங்கள் ஊரில் கெட்டிக்காரன்.

இதனால் ஒரு முறை மானம் போனது. வெளியூர்ப் போட்டிக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் போனார்கள். அங்கே துப்பாக்கி வெடித்தது. மற்ற ஊர்க்காரர்கள் ஓடிவிட்டார்கள். எங்கள் நாலு பேரும் குனிந்து தரையில் திரியைத் தேடிக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் கூட்டிப் போன பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் அதற்கப்புறம் ஒரு மாதம் பாயோடு பேசவில்லை.

பேச வைத்தது அதே அண்ணாச்சிதான். லேபிளில் மைதானத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அதன் மேல் பிரியம் வந்துவிட்டதோ என்னவோ, தீபாவளி சீசன் வியாபாரத்துக்கு வரிசையாகக் கடை கட்ட அந்த அரசாங்க நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டார். கொடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. விடியற்காலையில் அங்கே ஓடுகிற எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் போலீஸ் செலக்சனுக்குத் தயாராகிறவர்கள். மைதானம் போனால் அவர்கள் பிழைப்பும் போகும். டிரில் மாஸ்டர் பாயைத் தேடி வந்தார்.

"பாய், அந்தப் பிளேன் கதையைப் பெரிய ஆபீசர்கிட்டச் சொல்லுங்க. வரலாற்று இடம்னு சொன்னா கை வைக்க மாட்டாங்க. கொஞ்சம் சேத்துச் சொல்லுங்க. காந்தி வந்தாருன்னு கூடச் சொல்லலாம்."

"காந்தி பூட்ஸா போட்டிருந்தாரு?" என்றார் பாய்.

அதிகாரி ஜீப்பில் மைதானத்துக்கே வந்தார். பாய் வழக்கம்போலச் சொன்னார். சக்கரம், கம்பி, பூட்ஸ். அதிகாரி அசந்து போனார். "பொய் சொல்றவர் றெக்கையைச் சொல்லுவார், வானத்தைச் சொல்லுவார். இவர் வண்டிக்கு அடியில ஒளிஞ்சதைச் சொல்றார். இதுதான் சாட்சி" என்று டிரில் மாஸ்டரின் கையைக் குலுக்கினார். கடை கட்டுகிற பேச்சு நின்றது. பாய்க்கு மாலை போட்டோம். மாலையோடு உட்கார்ந்து ஒரு பங்சர் ஒட்டினார்.

ரெண்டு மாதம் கழித்து லாரியில் முள்கம்பி வந்து இறங்கியது. மைதானத்தைச் சுற்றி வேலி, ஒரு கேட், ஒரு பூட்டு, ஒரு நீலப் பலகை. வரலாற்றுச் சிறப்பு மிக்க இடம், அனுமதியின்றி உள்ளே நுழைவது குற்றம். அண்ணாச்சி வந்திருந்தால் ஓரத்திலாவது ஓட இடம் விட்டிருப்பார். வரலாறு வந்து மொத்தமாக அடைத்துவிட்டது. பாய் கடையும் வேலிக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. தகரத்தைப் பெயர்த்து ரோட்டோரத்தில் போட்டார். அங்கேயே பங்சர் ஒட்ட ஆரம்பித்தார். டிரில் மாஸ்டர்தான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நாங்கள் மெயின் ரோட்டின் ஓரத்தில் ஓடினோம். சீசன் நேரம். லோடு லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். எங்களோடு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு பிள்ளை ஓடிக்கொண்டிருந்தது. செலக்சனுக்கு நாள் நெருங்கியிருந்தது. விலகப் போன லாரி ஒன்று அந்தப் பிள்ளையை உரசி, ஓடைக் கல்லில் தள்ளிவிட்டுப் போனது. காலில் எலும்பு முறிவு. பாய் கடைக்கு எதிரிலேயே நடந்தது. முதலில் ஓடிப் போய்த் தூக்கியவர் பாய்தான். அவர் பார்த்துவிட்டார். அவர் பார்த்துவிட்டால் அது உண்டு.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, சூலக்கரை வரைக்கும் துணைக்கு வா."

அந்த அதிகாரியின் ஆபீஸ் அந்தப் பக்கம்தான். அதிகாரி எழுந்து நாற்காலி போட்டார். பாய் உட்காரவில்லை.

"சார், வேலியை எடுத்திருங்க. பிளேன் ஒண்ணும் வரலை."

அதிகாரி சிரித்தார். "என்ன பாய், நீங்கதானே பார்த்தீங்க?"

"பாக்கலை. பொய் சொன்னேன்."

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று நான் நினைத்ததில்லை.

"பொய்யா? அவ்வளவு நுணுக்கமா, கம்பி வச்ச சக்கரம்னு சொன்னீங்களே?"

"சைக்கிள் கடைக்காரன் வேற எதைச் சார் சொல்லுவான்?"

அதிகாரியின் முகம் மாறியது. பாயின் கையைப் பார்த்தார். அந்த நகத்துக் கிரீஸைப் பார்த்தார். போட்ட நாற்காலியைக் காலால் உள்ளே தள்ளினார். எந்தச் சக்கரத்தைக் கேட்டு நம்பினாரோ, அதே சக்கரத்தைக் கேட்டு இப்போது நம்பாமல் போனார். "இந்த வயசுல வெக்கமா இல்லை?" என்றார். பாய், "இருக்கு சார்" என்றார். அது மட்டும் உண்மை.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். நான் கேட்காமலே சொன்னார்.

"எல்லாரும் அந்த வெள்ளைக்காரன் பின்னால போனப்ப நான் வெளிய வந்தேன் தம்பி. அந்தச் சக்கரத்தைத் தொட்டேன். சேறு அப்பியிருந்துச்சு. சூடா இருந்துச்சு."

"இதை ஏன் பாய் இத்தனை நாளாச் சொல்லலை?"

"அன்னைக்குச் சொன்னா அத்தா அடிப்பாக. அதுக்கப்புறம் சொன்னா, இவ்வளவு நாளு இல்லாம இப்ப எங்க இருந்து வந்துச்சு, கதையை வளக்குறான்பாக." பஸ்ஸை விட்டு இறங்குகிறபோது, "நீயும் வெளிய பேசாத. மறுபடி பிளேன் வந்துச்சுன்னு ஆரம்பிச்சா மறுபடி பூட்டிருவாக" என்றார்.

கம்பியை எடுத்துவிட்டார்கள். அண்ணாச்சி அதற்குள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை கட்டிவிட்டதால் இந்த இடம் அவருக்கும் வேண்டியதில்லை. நாங்கள் உள்ளே ஓடினோம். ஊரில் எல்லோரும் எனக்கு அப்பவே தெரியும் என்றார்கள். மாலை வாங்கிப் போட்ட டிரில் மாஸ்டருக்கு எல்லாரையும்விட முன்னாலேயே தெரிந்திருந்ததாம். "பாய், இன்னைக்கு ஏதும் பிளேன் எறங்குச்சா?" என்று கேட்டுக்கொண்டே காற்று அடித்துக்கொள்வார்கள். பாய் பம்பை நிறுத்தாமல், "இல்லைப்பா, ஒண்ணும் வரலை" என்பார். பந்தயத்தை ஆரம்பித்து வைக்க ஒரு விசில் வாங்கிவிட்டார்கள். பங்சர் ஒட்ட வருகிறவர்கள் மட்டும் அதிகமானார்கள். அதற்கப்புறம் பாய், எம்புட்டு நேரம் என்று கேட்டால், "இந்தா ஆச்சு" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

கால் முறிந்த பிள்ளை குணமாகி, அதே மைதானத்தில் ஓடிப் பழகிப் பிறகு போலீஸில் சேர்ந்தது. ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலில் டூட்டி பார்த்துக்கொண்டிருந்தபோது என்னைக் கண்டு வந்து பேசியது. பாய் காலமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கேட்டதும் கண் கலங்கியது.

"பாவம்ணே. என்னைத் தூக்குன மனுசன். தங்கமான ஆளு. என்ன, வாயைத் தொறந்தாப் பொய்யி."

நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

போன வாரம் விழா முடிந்து எல்லோரும் விமானத்துக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலி இல்லை, பூட்டு இல்லை. இனிமேல் சொன்னால் மைதானத்துக்கு ஒன்றும் ஆகாது. நான் ஒதுங்கி நின்று நன்றாகப் பார்த்தேன். லேபிளில் இருந்த அதே ஜெட். ஒரு இரும்புக் குழாயின் மேல் மூக்கைத் தூக்கி நிற்கிறது. கீழே பெயின்ட் டப்பாவோடு அதைச் செய்த பையன் நின்றான். நான் அவனிடம் போய்ப் பேசினேன். எனக்கே ஆச்சரியம்.

"தம்பி, இதுக்குச் சக்கரம் இல்லையே?"

"பறக்குற மாதிரி வச்சிருக்கோம்ணே. பறக்குறதுக்கு எதுக்குச் சக்கரம்?"

"இங்க வந்தது தரையில எறங்குனது. ரெண்டு சக்கரம் உண்டு. கம்பி வச்சது. சேறு அப்பியிருந்துச்சு."

அவன் சிரித்தான். "அதை ஆருண்ணே பாத்தா?"

"பாய் பாத்தாரு" என்றேன். சத்தமாக வந்துவிட்டது. படம் எடுத்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்தப் பாயி?"

நாக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்துவிட்டேன். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் இவ்வளவும்.

ஐப்பசி 9, ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி லீவில் எழுதியது.